ஜெரோம் டிசூசா விட்டுக்கொடுத்தது யாருடைய பங்கு?

அரசியல் நிர்ணய சபை விவாதத் தொகுதிகளைப் படிக்கிறவர்கள் பெயருக்கு முன்னால் 'ரெவரெண்ட்' போட்ட இரண்டு பேரை அடிக்கடி சந்திப்பார்கள். ஒருவர் அசாமிலிருந்து போன ஜே.ஜே.எம். நிக்கல்ஸ் ராய். காசி மலைக்காரர், போதகர். இன்னொருவர் சென்னை மாகாணத்திலிருந்து போன ஜெரோம் டிசூசா. இயேசு சபைப் பாதிரியார். இந்தக் குறிப்பு இரண்டாமவரைப் பற்றியது. முதலாமவர் ஒப்பிட்டுப் பார்க்க நடுவில் வருவார்.

டிசூசாவைப் பற்றித் தமிழில் கிடைப்பது பெரும்பாலும் பாராட்டுதான். அதில் தப்பில்லை. 1897இல் மங்களூரில் பிறந்தவர். திருச்சி புனித வளனார் கல்லூரி, பிறகு சென்னை லயோலா கல்லூரி என்று தமிழ்நாட்டிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர். 1940களில் லயோலாவின் முதல்வர். 1946இல் சென்னை சட்டசபை உறுப்பினர்களின் ஓட்டில் அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். 1949க்கும் 1957க்கும் இடையில் பல முறை ஐ.நா. பொதுச்சபைக்குப் போன இந்தியக் குழுவில் இருந்தார். 1951இல் புனேவில் 'இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சோஷியல் ஆர்டர்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இன்றைக்கு டெல்லியில் இருக்கிற இந்தியன் சோஷியல் இன்ஸ்டிட்யூட் அதுதான். பிற்பாடு ரோமில் இயேசு சபைத் தலைமையகத்தில் பொறுப்பு வகித்துவிட்டுத் திரும்பி, 1977இல் காலமானார். ஒரு பாதிரியார் தேசிய அரசியலிலும் சமூக மேம்பாட்டிலும் இவ்வளவு தூரம் போனது பெரிய விஷயம்தான்.

ஆனா பாராட்டுக் கட்டுரைகள் எல்லாமே ஒரு இடத்தில் வந்து ஒரே வாக்கியத்தைச் சொல்கின்றன: 'சிறுபான்மையினருக்கான இடஒதுக்கீட்டைத் தேச ஒற்றுமைக்காகப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்.' இந்த வாக்கியத்தில்தான் எனக்குச் சிக்கல். விட்டுக்கொடுக்கிறது நல்ல குணம். ஆனா விட்டுக்கொடுத்த பொருள் யாருடையது என்ற கேள்வியை யாரும் கேட்கறதில்லை.

முதலில் கணக்கு

1935 சட்டப்படி சென்னை மாகாண சட்டசபையில் மொத்தம் 215 இடம். அதில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8. அந்த எட்டுப் பேரைக் கிறிஸ்தவ வாக்காளர்கள் மட்டுமே தேர்ந்தெடுத்தார்கள். பட்டியல் சாதியினருக்கு 30 இடம்.

அடுத்த வருஷம், 1936இல், பட்டியல் சாதிகள் யார் யார் என்று பிரிட்டிஷ் அரசு ஓர் ஆணை வெளியிட்டது. அதில் ஒரு நிபந்தனை: இந்தியக் கிறிஸ்தவர் எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார். கொடுமைன்னு இன்னிக்குத் தோணும். ஆனால் அந்தச் சட்டத்தின் அமைப்புக்குள் அதற்கு ஒரு தர்க்கம் இருந்தது. ஒரே ஆள் கிறிஸ்தவர் கணக்கிலும் பட்டியல் சாதிக் கணக்கிலும் இரண்டு முறை எண்ணப்படக் கூடாது. உனக்கு அங்கே இடம் இருக்கு, அதனால இங்கே இல்லை. அவ்வளவுதான் விஷயம். இந்த 'அதனால'வை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1947 ஆகஸ்டில் பட்டேல் தலைமையிலான ஆலோசனைக் குழு தனி வாக்காளர் முறை வேண்டாம், பொது வாக்காளர் முறையில் ஒதுக்கீட்டு இடம் மட்டும் இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. 1948 பிப்ரவரியில் வந்த வரைவு அரசியல் சட்டத்தில் சென்னை, பம்பாய் கிறிஸ்தவர்களுக்கு ஒதுக்கீட்டு இடங்கள் எழுத்திலேயே இருந்தன.

1949 மே 11 அன்று அதே ஆலோசனைக் குழுவில் எச்.சி. முகர்ஜியின் தீர்மானம் வருகிறது. மத அடிப்படையிலான ஒதுக்கீடு எல்லாமே வேண்டாம் என்பது அதன் சாரம். முகர்ஜியும் வங்காளக் கிறிஸ்தவர்தான், சபையின் துணைத் தலைவர். தீர்மானம் நிறைவேறியது. மே 25, 26 தேதிகளில் சபையில் விவாதம். டிசூசா ஆதரித்தார். ஒதுக்கீடு போனது.

ஒரே மாகாணம், மூன்று பேர்

இந்த நிகழ்ச்சியில் சென்னை மாகாணத்து ஆட்கள் மூன்று பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படம் தெளிவாகும்.

முதலாமவர் வி.ஐ. முனுசாமிப் பிள்ளை. ஆலோசனைக் குழுவில் முகர்ஜியின் தீர்மானம் வந்ததும், பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டைத் தொடக்கூடாது என்று திருத்தம் கொடுத்தவர் இவர். திருத்தம் ஏற்கப்பட்டது. இன்றைக்கு எங்கூருக்குப் பக்கத்தில் அவிநாசியும், கொஞ்சம் தெற்கே தாராபுரமும் தனித்தொகுதிகளாக இருக்கின்றன என்றால் அதற்கு முன்கதையில் இந்தத் திருத்தமும் உண்டு.

இரண்டாமவர் முகமது இஸ்மாயில் சாகிப். பிற்காலத்தில் காயிதே மில்லத் என்று நாம் அறிந்தவர். பிரிவினையின் ரத்தம் காயாத நேரத்தில், சபை முழுக்க எதிராக நிற்கும்போது, தனி வாக்காளர் முறை தொடர வேண்டும் என்று எழுந்து நின்று கேட்டார். தோற்றார். அவர் கேட்டது சரியா தவறா என்பது வேறு விவாதம். தன் மக்கள் சார்பில் கேட்டுவிட்டுத் தோற்றார் என்பது பதிவில் இருக்கிறது.

மூன்றாமவர் டிசூசா. அவர் எதுவும் கேட்கவில்லை. பெரும்பான்மையின் நல்லெண்ணத்தை நம்புவோம் என்ற நிலைப்பாட்டை எடுத்தார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். 1949இல் மத அடிப்படையிலான ஒதுக்கீடு என்றாலே பாகிஸ்தான் ஞாபகம் வந்த காலம். கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரனின் ஆட்கள் என்ற சந்தேகமும் இருந்தது. அந்தச் சூழ்நிலையில் மதத்தைப் பரப்பும் உரிமை (பிரிவு 25), சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை (பிரிவு 30) இரண்டும் கிடைத்தது சாதாரணம் அல்ல. எட்டு சீட்டைப் பிடித்துத் தொங்குவதைவிட இவை பெரிசு என்று ஒரு கல்லூரி முதல்வர் நினைத்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த எட்டு இடமும் நடைமுறையில் படித்த, வசதியான கிறிஸ்தவர்களுக்குத்தான் போயிருக்கும் என்று வாதிடவும் முடியும்.

இதெல்லாம் சரிதான். ஆனா, பிரிவு 30 யாருக்குக் கிடைத்தது? நிறுவனத்துக்கு. கல்லூரி நடத்துகிற சபைக்கு, மறைமாவட்டத்துக்கு. ஒதுக்கீடு போனதால் நஷ்டம் யாருக்கு? அதைச் சொல்ல அடுத்த வருஷத்து ஆணைக்குப் போகணும்.

நீக்கப்படாமல் நின்ற ஒரு வரி

1950 ஆகஸ்ட் 10. சுதந்திர இந்தியாவின் பட்டியல் சாதிகள் ஆணை வருகிறது. அதன் மூன்றாவது பத்தி: இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார்.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான பிரச்சினை. பழைய சிஸ்டத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: 'இந்த யூசர் வேறொரு டேபிளில் இருந்தால் இங்கே சேர்க்காதே.' பிறகு யாரோ அந்த வேறொரு டேபிளையே தூக்கிவிடுவார்கள். நிபந்தனை மட்டும் அப்படியே நிற்கும். இப்போது அந்த யூசர் எந்த டேபிளிலும் இல்லை. எர்ரரும் வராது. லாகிலும் ஒன்றும் தெரியாது. ஆள் மட்டும் காணாமல் போயிருப்பார்.

1936இல் 'உனக்கு அங்கே இடம் இருக்கு, அதனால இங்கே இல்லை.' 1949இல் அங்கே இருந்த இடம் எடுக்கப்பட்டது. 1950இல் 'இங்கே இல்லை' மட்டும் மிஞ்சியது. 'அதனால' செத்துப்போயிடுச்சு, அதன் முடிவு மட்டும் உயிரோடு இருக்கு. தலித் கிறிஸ்தவர் இரண்டு பட்டியலிலிருந்தும் வெளியே நின்றார். கல்லூரிச் சேர்க்கையிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. சென்னை மாகாணத்துக் கம்யூனல் ஜி.ஓ.வில் கிறிஸ்தவர்களுக்கு இருந்த பங்கு, 1951 செண்பகம் துரைராஜன் தீர்ப்போடு போய்விட்டது.

'அந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் முன்கூட்டி யோசித்திருக்க முடியும்?' என்று கேட்கலாம். யோசித்தவர்கள் இருந்தார்கள். இதுதான் இந்தக் குறிப்பின் மையம்.

1949இல் சீக்கியர்களும் தங்கள் ஒதுக்கீட்டை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. சீக்கியர்களுக்குள் ஒடுக்கப்பட்ட மஜபி, ராம்தாசி, கபீர்பந்தி, சிக்லிகர் என்ற நான்கு பிரிவினரைப் பட்டியல் சாதியில் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். அது ஏற்கப்பட்டது. அதனால்தான் 1950 ஆணையின் அதே மூன்றாவது பத்தியில் இந்த நான்கு சாதிகளுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. 1956இல் அது பட்டியல் சாதிச் சீக்கியர்கள் அனைவருக்கும் விரிந்தது. 1990இல் பௌத்தர்களுக்கும் விரிந்தது.

ஆக, அதே மாதத்தில், அதே குழுவில், அதே மேசையில் இப்படி ஒரு பேரம் நடந்து முடிந்திருக்கிறது. 'எங்கள் சீட்டை எடுத்துக்குங்க, ஆனா எங்ககிட்ட கீழே இருக்கிறவனை உங்க பட்டியல்ல சேர்த்துக்குங்க' என்று கேட்க வழி இருந்தது. முகர்ஜியின் தீர்மானத்தில் கிறிஸ்தவர்கள் சார்பில் அப்படி எந்த நிபந்தனையும் இல்லை.

என் விமர்சனம் டிசூசா விட்டுக்கொடுத்தார் என்பது அல்ல. விலை கேட்காமல் விட்டுக்கொடுத்தார் என்பதுதான். அந்த விலை அவர் பையிலிருந்து போகவில்லை. அவர் மங்களூர்க் கத்தோலிக்கர். கல்லூரி முதல்வர். அவருக்கு அந்த இடம் தேவைப்படவே இல்லை.

ஏன் கேட்கவில்லை? என் ஊகம் இது, ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கணும்னா முதலில் 'எங்கள் சபைக்குள் சாதி இருக்கிறது' என்று பொதுச்சபையில் ஒப்புக்கொள்ளணும். தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு அது தெரியாத விஷயம் இல்லை. வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதியைப் பிரித்து நின்ற சுவர் இடிக்கப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். தெரிந்தும் வெளியே சொல்ல முடியாத ஒன்று அது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்பதுதானே அழைப்பு.

இன்னொரு ரெவரெண்ட்

நிக்கல்ஸ் ராயை இங்கே கூப்பிடுகிறேன். அவரும் காங்கிரஸ்காரர். அசாம் அமைச்சரவையில் இருந்தவர். அவருக்கும் 'பெரும்பான்மையை நம்புங்கள்' என்ற அறிவுரை கிடைத்தது. கோபிநாத் பர்தோலாய் தலைமையிலான துணைக்குழுவில் உறுப்பினராக உட்கார்ந்து, மலைப் பகுதிகளுக்கு மாவட்டக் கவுன்சில், நிலத்தின் மீதும் காட்டின் மீதும் வழக்காறுகளின் மீதும் சட்டம் இயற்றும் அதிகாரம் என்று ஆறாவது அட்டவணைக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அவர். 1949 செப்டம்பரில் அது சபைக்கு வந்தபோது அசாம் சமவெளி உறுப்பினர்களே கடுமையாக எதிர்த்தார்கள். அவர் எழுந்து பதில் சொன்னார். நல்லெண்ணம் நல்லதுதான், ஆனா அது எழுத்தில் இருக்கட்டும் என்பது அவர் வழி.

அவருக்கும் விமர்சனம் உண்டு. பழைய காசி குறுநிலங்களின் தலைவர்களுக்கு ஆறாவது அட்டவணை பிடிக்கவில்லை. போதாது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1972இல் மேகாலயா தனி மாநிலம் ஆகும் வரை அந்தக் கதை ஓடியது. ஆனால் அவர் விட்டுச்சென்ற ஏற்பாடு இன்றும் அரசியல் சட்டத்தில் இருக்கிறது.

இன்னொன்று. பழங்குடியினருக்கான ஆணையில் மத நிபந்தனை இல்லை. ஊத்துக்குளி, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வருகிறவர்களில் கிறிஸ்தவப் பழங்குடியினரும் இருக்கிறார்கள். அவர்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதால் அவர்கள் பழங்குடிச் சான்றிதழ் ரத்தாவதில்லை. அதே கம்பெனியில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கிற உள்ளூர் அருந்ததியர் ஞானஸ்நானம் எடுத்தால் எஸ்.சி. சான்றிதழ் போய்விடும்.

எங்கூருப் பக்கம் இதற்கு என்ன அர்த்தம்

ஒரு உதாரணத்துக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே காலனி, ஒரே வீட்டுச் சுவர். அண்ணன் குடும்பம் மாரியம்மன் கோயில், தம்பி குடும்பம் சபை. அண்ணன் பையனுக்கு எஸ்.சி. 18 சதவீதமும், அதற்குள் 2009இல் வந்த அருந்ததியர் 3 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு. தம்பி பையன் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் போட்டியிடணும். கல்விச் சலுகைகள் சிலவற்றை மாநில அரசு அவனுக்கும் தருகிறது. அதை மறைக்கக் கூடாது. ஆனா அவிநாசியிலோ தாராபுரத்திலோ அவன் நிற்க முடியாது. தனி ஊராட்சியில் தலைவர் பதவிக்கும் நிற்க முடியாது. யாராவது சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அண்ணனுக்கு உண்டு, தம்பிக்கு இல்லை. திட்டுகிறவன் என்னமோ ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திட்டுகிற மாதிரி!

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. தம்பி மகன் இந்து மதத்துக்குத் திரும்பி, சொந்த சாதியினரும் அவனை ஏற்றுக்கொண்டால் எஸ்.சி. தகுதி திரும்ப வரும். 2015இல் கே.பி. மனு வழக்கில், முந்தைய தலைமுறையே மதம் மாறிய குடும்பத்தில் பிறந்தவருக்கும் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. அப்படீன்னா இத்தனை நாள் அந்தச் சாதி எங்கே போயிருந்தது? போகவே இல்லை என்பதுதானே அதற்கு அர்த்தம்?

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் போகாமல் இல்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், மற்ற தொழிலாளர்களுக்குக் கொடுத்த பங்க் கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதி இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வேண்டும் என்றது நீதிமன்றம்.

நிறுவனர் கேட்காததை நிறுவனம் கேட்டது

இங்கே கதை திரும்புகிறது. டிசூசாவின் மீது எனக்கு மரியாதை கூடுவதும் இங்கேதான்.

1951இல் அவர் தொடங்கிய அமைப்பு முதலில் சமூகப் பயிற்சி, 'சோஷியல் ஆக்‌ஷன்' என்ற ஆய்விதழ் என்று ஆரம்பித்தது. தொடக்ககாலத்தில் அதன் பார்வை மேலிருந்து கீழே பார்க்கும் பார்வைதான்: ஏழைக்கு உதவுவோம், தலைவர்களைப் பயிற்றுவிப்போம். அந்தக் காலத்து சமூக மேம்பாட்டு மொழியே அப்படித்தான் இருந்தது. உரிமை என்ற சொல்லைவிடச் சேவை என்ற சொல்தான் அதில் அதிகம். அரசியலில் விட்டதைச் சேவையால் ஈடுகட்டலாம் என்ற நம்பிக்கை அது.

ஈடாகாது. இலவச டியூஷன் நடத்தினால் ஒரு பையன் பாஸ் ஆவான். அவன் தொகுதியில் நிற்கும் உரிமையை டியூஷன் வாங்கித் தராது.

ஆனால் அந்த அமைப்பு அங்கேயே நிற்கவில்லை. 1980களில் அதன் ஆய்வாளர்கள் மதம் மாறிய பட்டியல் சாதியினரைப் பற்றிக் களத்தில் இறங்கி வேலை செய்தார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் செய்த ஆய்வு 1990இல் நூலாக வந்தது. மாறிய பிறகும் இழிவுகள் எப்படித் தொடர்கின்றன என்பதுதான் அதன் பொருள். சூசை வழக்கில் நீதிமன்றம் எந்த மாதிரி ஆதாரம் இல்லை என்று சொன்னதோ, அந்த மாதிரி ஆதாரத்தைச் சேர்க்கும் வேலையில் டிசூசா ஆரம்பித்த அமைப்பே இறங்கியது. நிறுவனர் 1949இல் சபையில் சொல்லாததை, அவர் கட்டிய நிறுவனம் நாற்பது வருஷம் கழித்து அச்சில் சொன்னது.

அதன் பிறகு 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. பத்தி இன்னும் அங்கேயே இருக்கிறது.

கணக்குப் பார்த்த ஒரு தடவை

கடைசியாக ஒன்று. 2007இல் தமிழ்நாடு அரசு பி.சி. ஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 சதவீதம் என்று தனியாகப் பிரித்துக் கொடுத்தது. அடுத்த வருஷமே கிறிஸ்தவத் தலைவர்கள் 'எங்களுக்கு இது வேண்டாம்' என்று கேட்டு வாங்கிய ஒதுக்கீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். தனி ஒதுக்கீட்டைவிடப் பொதுப் பி.சி.யில் அதிக இடம் கிடைக்கிறது என்று கணக்குப் பார்த்துச் செய்தது அது. அதைப் பேராசை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

அதே கணக்கை 1949இல் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் வாதம். தியாகம் பண்ணுங்க, வேண்டாம்னு யாரும் சொல்லல. ஆனா பிரதிநிதியா உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இந்தக் கையெழுத்தால் வரிசையின் கடைசியில் நிற்கிறவனுக்கு என்ன ஆகும் என்று பார்த்தாகணும். சீக்கியத் தலைவர்கள் பார்த்தார்கள். முனுசாமிப் பிள்ளை பார்த்தார். நிக்கல்ஸ் ராய் பார்த்தார். டிசூசா பெருந்தன்மையோடு இருந்தார்.

அவரைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இனி அந்த வாக்கியத்தை எழுதும்போது பக்கத்திலேயே 1950 ஆகஸ்ட் 10 என்ற தேதியையும் எழுதட்டும். அவர் தொடங்கிய அமைப்பு 1990இல் வெளியிட்ட ஆய்வையும் எழுதட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அவர் பொதுவாழ்வின் முழுக் கணக்கு வரும்.